மீன் வேனின் இடது கதவு

என் மீன் வேனின் இடது கதவு சும்மா இருக்காது. ஒரு குழியில் விழுந்தால் அதன் நடுத்தகரம் 'டொக்' என்று உள்ளே போகும். அடுத்த குழியில் 'டக்' என்று வெளியே வரும். ஆலங்குடாவிலிருந்து சிலாபம் வரைக்கும் எத்தனை குழி என்று றோட்டுப் போட்டவர்களுக்குத் தெரியுமோ தெரியாது, என் கதவுக்குத் தெரியும். கரைத்தீவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சுல்பா, "றபான் மேளம் அடிச்சிட்டே கல்யாணத்துக்குப் போறது நாங்க மட்டுந்தான்" என்றாள். திரும்பி வரும்போது பின்னால் மீன் பெட்டிகளோடு ஏறிக்கொண்டாள். அவள் கோபம் அப்படித்தான்.

"ஏன் அஸ்மின், இதச் செஞ்செடுத்தா என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. மீன் வாடிக்காரன் கேட்கிறான், சிலாபத்து முதலாளி சிங்களத்தில் கேட்கிறார், பள்ளிவாசல் வாசலில் செருப்புப் போடுகிற நேரத்தில்கூடக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. கதவைப் பற்றிச் சொல்வதென்றால் டொறத்தி அக்காவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அதனால் எழுதிவிடுகிறேன்.

டொறத்தி அக்காவும் அவருடைய கணவர் நிக்கொலஸ் அண்ணனும் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆட்கள். தொண்ணூற்றைந்தில் அங்கிருந்து வெளிக்கிட்டு, வன்னியில் கொஞ்சக் காலம், மன்னாரில் கொஞ்சக் காலம் என்று இருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மன்னார் முஸ்லிம்கள் நாங்கள் தொண்ணூறிலேயே எருக்கலம்பிட்டியிலிருந்து வந்துவிட்டோம். இயக்கம் எங்களைப் போகச் சொன்னது, போனோம். சண்டையில் அவர்களுக்கும் போகவேண்டி வந்தது, வந்தார்கள். இதைப் பற்றி நானும் நிக்கொலஸ் அண்ணனும் ஒருநாளும் கதைத்தது கிடையாது. கதைத்தால் வேலை கெடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கற்பிட்டி றோட்டோரத்தில் நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும் போட்டு, பின்னால் ஓர் அறையையும் கட்டிக்கொண்டு அண்ணன் டிங்கர் வேலை செய்தார். நசுங்கிய வாகனத்தைத் தட்டி நிமிர்த்துவது, உக்கிப்போன இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரத்தை அதே வளைவில் அடித்து வைப்பது. மற்ற இடங்களில் பள்ளத்தை அரைகுறையாக நிமிர்த்திவிட்டுப் பட்டி என்ற பசையை அப்பி, தேய்த்து, பெயின்ற் அடித்துக் கையில் தந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் பட்டி சோற்றுப் பருக்கை மாதிரி உதிரும். நிக்கொலஸ் அண்ணன் பட்டி டின்னைத் தன் கூரைக்குக் கீழே வைக்கவே விடமாட்டார். ஐஸ் தண்ணீரும் உப்பும் ஊறி ஓட்டையாய்ப் போயிருந்த என் வேனின் தளத்தை அவர்தான் போட்டுத் தந்தார். இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது.

மாம்புரிப் பக்கம் ஒரு நாள் காலையில் கழுதை ஒன்று குறுக்கே ஓடிவந்து இடது கதவில் மோதியது. கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அது தன்பாட்டில் போய்விட்டது. கதவு பள்ளமாய்ப் போயிற்று. அண்ணன் கதவைக் கழற்றி மரக்குதிரைத் தாங்கியில் படுக்கவைத்து, ஓரத்திலிருந்து தட்டத் தொடங்கினார். இரண்டாம் நாள் தட்டிக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. பிறகு அவரும் விழுந்தார்.

பாரிசவாதம். கதவில்லாத மீன் வேனில்தான் அவரைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அக்கா அந்தத் திறந்த பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு கையால் வேனையும் மறு கையால் அண்ணனையும் பிடித்திருந்தார். கச்சான் காலத்து மேல்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. மீன் நாற்றத்துக்காக நான் வெட்கப்பட்டேன். அக்காவுக்கு அது மணந்தே இராது.

உயிர் தப்பியது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பிழை. தண்ணீர் வேண்டுமென்றாலும் பிழை, வெயில் சுட்டாலும் பிழை. சிலருக்கு இப்படி ஒரு சொல் மிஞ்சுவதுண்டு என்று டொக்டர் சொன்னாராம். வேலைத்தலத்தில் அவர் அதிகமாய்ச் சொன்ன சொல்லும் அதுதான். கூலிக்கு வந்த ஒருவரும் அவரோடு நெடுகத் தங்காததற்குக் காரணமும் அதுதான்.

வீட்டுக்கு வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாட்டை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். எழுப்பி நடக்கவையுங்கள், இப்படியே படுத்தால் நெஞ்சில் சளி கட்டி ஆள் போய்விடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா கெஞ்சிப் பார்த்தார். கட்டுநாயக்காவில் வேலை செய்யும் மகள் பிரசாந்தி வந்து அழுதும் பார்த்தாள். நாளுக்கு நாள் ஆள் எலும்பாகிக்கொண்டு போனார். அந்த நாட்களில் நான் அங்கே போனால் கதவைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். கதவு மரக்குதிரையில் கிடந்தது. நான் கதவில்லாமலே ஓடினேன்.

ஒரு நாள் காற்றுக்குக் கூரைத் தகரம் ஒன்று கிளம்பிவிட்டது. அக்கா ஏறி ஆணியை அடித்தார். அடிக்கிற சத்தத்துக்குள்ளே அறையிலிருந்து ஒரு குரல். பிழை. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

அக்கா அன்று பின்னேரம் வேலைத்தலத்துக்குள் போய் அவருடைய சுத்தியலைத் தூக்கினார். கண்ணுக்கு முன்னால் கிடந்தது என் கதவு. ஓங்கி அடித்தார். பிழை என்று சத்தம் வந்தது. திரும்ப அடித்தார். பிழை, பிழை. அடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. சுவரையும் கதவு நிலையையும் பிடித்துப் பிடித்து, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு அண்ணன் வந்து நின்றார். கோபத்தில் முகத்தின் ஒரு பாதி சிவந்திருந்தது. அக்கா கதிரையை இழுத்துப் போட்டார். அன்று அவர் அந்தக் கதிரையில் இருந்து, தேத்தண்ணியில் தோய்த்த பாணில் ஒரு துண்டு சாப்பிட்டார்.

இப்படித்தான் டொறத்தி அக்கா டிங்கர் வேலை படித்தார். பிறகு வாழ்வாதாரத் திட்டம் என்று ஒரு கூட்டம் ஜீப்பில் வந்து, அக்காவின் கையில் சுத்தியலைக் கொடுத்துப் படம் எடுத்தது. படத்துக்குக் கீழே 'தடைகளைத் தகர்த்த பெண்' என்று எழுதியிருந்தார்கள். தடையாவது மண்ணாவது. கட்டிய மனிதன் ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்பதற்காகக் கண்ட தகரத்தையும் அடித்தவர் அவர். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதில் அக்காவின் கண்ணைப் பார்த்தாலே தெரியும், நித்திரை கொண்டு எத்தனை காலம் என்று.

ஏனென்றால் நாள் அப்படிப் போனது. இரவில் அண்ணனைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். விடிந்தால் குளிக்கவார்க்கவேண்டும், துணி தோய்க்கவேண்டும், சமைக்கவேண்டும். அதற்குப் பிறகு தகரம். அண்ணன் கதிரையில் இருந்து பார்ப்பார். அக்கா அடிப்பார். பிழை. வேறுமாதிரி அடிப்பார். பிழை. எது சரி என்று சொல்ல அவருக்குச் சொல் இல்லை. பிழை சொல்லாமல் விட்டால் அது சரி. முகத்தைப் பார்க்காமல், குரலைக் கேட்டே அக்கா பழகிக்கொண்டார். நீட்டிச் சொன்னால் இடம் பிழை, வெட்டிச் சொன்னால் பலம் கூட, முனகினால் பின்னால் பிடித்திருக்கும் இரும்புக் கட்டை விலகிவிட்டது.

அந்த இரும்புக் கட்டையில்தான் வித்தை இருக்கிறது. தகரத்துக்குப் பின்னால் அதை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் சுத்தியலால் தட்டவேண்டும். நடுவில் அகப்பட்ட தகரம் கணீரென்று சொல்லும். கட்டை விலகினால் பொத்தென்று ஊமைச் சத்தம். பள்ளத்தின் நடுவில் ஒருநாளும் அடிக்கக் கூடாது, ஓரத்திலிருந்துதான் உள்ளே போகவேண்டும். நடுவில் அடித்தால் தகரம் மெலிந்து இழுபட்டு, இருக்க இடம் போதாமல் உள்ளேயும் வெளியேயும் துள்ளும். தெரியாத காலத்தில் அக்கா அடித்ததெல்லாம் என் கதவின் நடுவில்தான். அவருக்கு அது சிலேட்டு. கொஞ்ச நாளில் கதவை வேனில் பூட்டித் தந்தார், ஆனால் அது துள்ளியது. "வேன் வேலையில்லாம நிக்கிற நாளில கொண்டுவாங்கோ தம்பி, பாத்துப் பாத்துச் செய்து தாறன்" என்றார். சரி, படிக்கட்டும் என்று விட்டேன். வாரத்தில் ஒரு நாளாவது சிலாபத்தால் வந்து, வேனை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போவேன்.

வருசம் ஒன்று போயிருக்கும். அதற்கிடையில் அக்கா கைதேர்ந்த வேலைக்காரியாகிவிட்டார். மண் மூட்டையில் தகரத்தைக் குழிவாக அடித்து எடுப்பார். இழுபட்ட தகரத்தைக் காஸ் நெருப்பில் ஒரு பொட்டுச் சிவக்கச் சுட்டு, ஈரச் சாக்கால் அமுக்கி இறுக்குவார். சேலைத் துண்டை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தே மேடு எது பள்ளம் எது என்று சொல்வார். சுத்தியல் பிடித்த கை காய்த்துப்போயிருந்தது. இன்னாசிப்பிள்ளை என்று ஒரு தோட்டக்காரர் தன் உழவு மெசினுக்கு சில்லுக்கு மேலே போடும் மட்காட் இரண்டு புதிதாக அடித்துத் தரக் கேட்டு வந்து, முதலில் "நிக்கொலஸ் இல்லையோ?" என்று இழுத்தார். பிறகு வேலையைப் பார்த்துவிட்டு முன்பணத்தை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சரி, என் கதவு மட்டும் போன மாதிரியே திரும்பி வந்தது. சில தரம் போனதைவிட மோசமாக வந்தது. எனக்கு மனதுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் மீன் பாடு குறைவு, நேரத்தோடு திரும்பிவிட்டேன். வேனை முன்னால் விட்டு, கதவைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்து வரலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது அக்கா என்னைக் கவனிக்கவில்லை. மட்காட்டை அடித்துக்கொண்டிருந்தார். கணீர் கணீர் என்று ஒரே சீராக, கேட்க ஆசையாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. பிறகு நிறுத்தினார். மூடி வைத்திருந்த சோற்றுக் கோப்பையை ஒரு தரம் பார்த்தார், அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். எழும்பி என் கதவிடம் போனார். பின்னால் இரும்புக் கட்டையைப் பிடிக்காமல், சரியாக நடுவில், ஓங்கிப் பொத்தென்று அடித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, வேணுமெண்டே என்ட கதவப் பழுதாக்குறீங்களா? ஒரு வருசமா இதானா வேல?" என்றேன்.

அக்கா பதறிப்போய்க் கையைக் காட்டினார். "மெதுவாக் கதையுங்கோ தம்பி. அவருக்குக் கேட்டிடும்."

அதற்குள் அறையிலிருந்து குரல் வந்தது. பிழை. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் நடுவில் அடித்தார். செருப்பு இழுபட்டது. அண்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, கதவைப் பார்த்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பிழை. "எங்க பிழை? இருந்து காட்டுங்கோ" என்று அக்கா கதிரையைத் தள்ளினார். அவர் இருந்தார். அக்கா கோப்பையை மடியில் வைத்துக் கரண்டியைக் கொடுத்தார். கோபத்தோடு கோபமாக அண்ணன் சாப்பிட்டார்.

அவரைத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வந்துதான் அக்கா சொன்னார். மட்காட் முதல்முதல் சரியாக வந்த அன்று, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு பிழையும் கேட்கவில்லையாம். சந்தோசத்தில் காட்டப் போனாராம். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாராம். சோறு வேண்டாம். அடுத்த நாளும் வேண்டாம். கேட்டுக்கொண்டு கிடந்த மனிதனுக்கு, தான் இல்லாமலே வேலை நடக்கிறது என்று விளங்கிவிட்டது.

"நல்லா அடிச்சா அவர் எழும்புறேல்ல தம்பி. வந்த சனத்தின்ர சாமானைப் பழுதாக்கேலுமே? உங்கட கதவு எண்டா ஏற்கெனவே பழுது" என்றார்.

"அப்ப இதச் சரியாக்க உங்களுக்குத் தெரியும்."

"அரை மணித்தியாலத்தில செய்து தருவன். ஆனா பேந்து நான் எதைப் பிழையா அடிக்கிறது?"

கோபம் போன இடம் தெரியவில்லை. அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குக் களைக்குது தம்பி. சரியா அடிக்கேக்க களைக்காது. பிழையா அடிக்கிறதுதான் களைக்குது. முதல் எண்டா பிழை தன்ர பாட்டில வந்தது. இப்ப நிண்டு யோசிச்சுச் செய்யோணும். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு நித்திரை கொண்டாக் காணும்."

"கதவு கெடக்கட்டும் அக்கா. எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றேன்.

வீட்டில் சுல்பாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிறதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "அடுத்த கல்யாணத்துக்கும் றபானோடயே போவம்" என்றாள்.

வேலையில்லாத நாளில் நான் கதவைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், அக்கா அதைப் பழுதாக்கித் தருவதும் பிறகும் நடந்தது. அக்கா மெலிந்துகொண்டு போனார். கதைக்கும்போதே கண் சொருகும். ஒரு தரம் கையில் சுட்டுக்கொண்டார், இன்னொரு தரம் பெருவிரலில் அடித்துக்கொண்டு நகம் கறுத்தது. மகள் வேலைத்தலத்தை மூடச் சொல்லித் தொலைபேசியில் சண்டை பிடித்தாளாம். மூடினால் அப்பா என்ன செய்வார் என்று அக்கா கேட்டதும் அவள் தொலைபேசியை வைத்துவிட்டாளாம்.

போன கச்சான் காலத்தில் ஒரு மத்தியானம். நான் போனபோது சத்தம் ஒன்றும் இல்லை. காலையில் நான் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கதவு மரக்குதிரையில் கிடந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் ஒரு காட்போட் மட்டையை விரித்து, கையைத் தலைக்கு வைத்துக் கிடந்தார். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். பிறகு மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அவர் படுத்து நான் பார்த்தது அன்றுதான். சோற்றுக் கோப்பை கதிரைக்குப் பக்கத்தில் மூடியபடி இருந்தது. எழுப்பவும் மனமில்லை, எழுப்பாமல் போனால் அண்ணன் பட்டினி. வாசலில் நின்று முழித்தேன்.

செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. யாரும் தகரம் அடிக்கவில்லை. அண்ணன் தானாகவே வந்தார். நிலையைப் பிடித்தபடி அக்காவை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை அவர் கவனித்தாரோ தெரியாது. பிறகு மரக்குதிரைக்கு வந்து இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, இடது கையால் சுத்தியலை எடுத்தார். முப்பது வருசம் தகரம் அடித்த மனிதர். எங்கே அடிக்கக் கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. கதவின் நடுவில், அக்கா அடித்து அடித்து மெலியவைத்த அதே இடத்தில், பொத்தென்று ஓர் அடி அடித்தார். அடித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே அந்த ஊமைச் சத்தத்துக்கெல்லாம் எழும்பி, கோபப்பட்டு, நடந்து வந்திருக்கிறார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. கிடந்தபடியே சொன்னார்.

"பிழை."

அண்ணன் இன்னொரு தரம் அதே இடத்தில் அடித்தார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது.

"பிழைதான். நான் எழும்ப மாட்டன்" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

அண்ணன் சுத்தியலைச் சத்தம் வராமல் சாக்கின் மேல் வைத்தார். கதிரையைப் பிடித்து மெல்ல இருந்தார். குனிந்து கோப்பையைத் தானே எடுத்து மடியில் வைத்து, மூடியைக் கழற்றிக் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினார். பாதி கீழே சிந்தியது. முழுவதையும் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் எடுத்தது. அக்கா எழும்பவில்லை.